கிளம்பிக்கொண்டிருப்பவரின் மீன்

கிளம்பிக்கொண்டிருப்பவர் என்றொரு இனம் உண்டு. கிளம்பியவர் வேறு, அவர் போய்ச்சேர்ந்து, பனியில் நின்று போட்டோ அனுப்பிவிடுவார். இவர் போகவும் மாட்டார், இருக்கவும் மாட்டார். ஃபிஜியில் துப்பாக்கி முனையில் ஆட்சி கவிழும்போதெல்லாம், அங்குள்ள இந்திய வம்சாவளியினரிடையே இந்த இனம் பெருகும்.

சிகடோகாவில் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் சதேந்திராவைப் பாருங்கள். எண்பத்தேழில் முதல் கவிழ்ப்பு நடந்த வாரமே, "ஆறு மாசத்துல ஆக்லாந்து" என்று ஊருக்கு அறிவித்தார். அதன்பிறகு வீட்டில் ஓர் ஆணி அடிக்க விட்டாரா? சுவருக்குப் பெயின்ட் அடிக்கலாமென்றால், போகிற வீட்டுக்கு எதற்கு? மாங்கன்று வைக்கலாமென்றால், காய்க்கும்போது யார் இருக்கப்போகிறார்கள்? அவர் மனைவி ஜான்கி மழைநாளில் ஒரு கையில் கரண்டியும் மறுகையில் குடையுமாகச் சமைத்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அடுப்பங்கரைத் தகரத்த மாத்துங்க. சோத்துல தண்ணி சொட்டுது."

"போற நேரத்துல கூரையா? விசா பேப்பர் வந்துரும்."

பேப்பர் வரவில்லை. பக்கத்து வீட்டு ஷைலேந்திராவுக்கு வந்தது. கப்பலில் ஏறாத சாமான்களைத் தெருவுக்குப் பங்கு வைத்துவிட்டுத்தான் அங்கே யாரும் நாட்டை விட்டுப் போவார்கள். சதேந்திரா எதையும் தொடவில்லை, நாமும் போகிறவர்கள்தானே! பள்ளிக்கூடம் போகும் மகள் ஊர்மிளா அழுததால் கண்ணாடித் தொட்டியோடு ஒரு மீனை மட்டும் ஏற்றுக்கொண்டார். கடைகளில் பிளேகோ என்று விற்பார்கள்; கண்ணாடியில் வாயை ஒட்டிப் பாசி தின்னும் கறுத்த கெளுத்தி. விரல் நீளம்.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும், அண்ணே" என்றார் ஷைலேந்திரா.

இதை யாரும் மீனிடம் சொல்லவில்லை. விரல், சாண் ஆயிற்று. தொட்டியில் திரும்ப முடியாமல் மூக்கு இடித்ததால் துணி துவைக்கும் டப்புக்கு மாறியது. டப்பிலும் வாலடித்துத் தாழ்வாரத்தை நனைத்தது. எனவே சதேந்திரா, "இப்போதைக்கு" என்று சொல்லிக்கொண்டு, கொல்லையில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினார். மீனுக்கு வெயில் ஆகாதே? தொட்டிக்கு மேலே புதுத் தகரம் போட்டார். ஒரு சொட்டு ஒழுகாத தகரம்.

ஜான்கி குடையோடு வந்து அதைப் பார்த்தாள். தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்குப் பிடித்துவிட்டதாக சதேந்திரா நினைத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் கவிழ்ப்பு. "இந்தத் தடவை கன்ஃபார்ம்" என்றார். மீன் அப்போது ஒரு முழம். படிக்கப் போய் பிரிஸ்பேனில் நர்ஸாகிவிட்ட ஊர்மிளா பெற்றோருக்கு விசாவுக்கு எழுதிப்போட, நம்ப முடியாதபடி, பேப்பர் வந்தே விட்டது. இருவருக்கும்.

சதேந்திரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்தரி இப்பத்தான் பூ விட்டிருக்கு. மீன யாரு பாப்பாங்க? ஆறு மாசம் டைம் கேப்போம்."

ஜான்கி பெட்டியைக் கட்டி முடித்திருந்தாள்.

"நான் போறேன். நீங்க கிளம்பிக்கிட்டே இருங்க."

"அச்சா, சரி, பின்னாலயே வந்துர்றேன்" என்று, விமான நிலையமிருக்கும் நாந்திக்குப் போகும் பஸ்ஸுக்குக் கையசைத்தார்.

அன்று சாயங்காலம் மழை. முதல்முறையாகத் தானே சோறாக்கி உட்கார்ந்தவரின் தட்டில் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், மீனின் கூரைக்கடியில் நின்று சாப்பிட்டு முடித்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுக் கம்லா கேட்டாள்: "இன்னும் வளருமா அது?"

"இதுக்கு மேல வளராது. நானும் ஆறு மாசத்துல போயிருவேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறகு, "இப்போதைக்கு" என்று உங்கள் வீட்டுக்குள் வந்தது எதுவோ, அதைப் போய் முழம் போட்டுப் பாருங்கள். அப்படியே அடுப்பங்கரைக் கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள், அங்கே குடைபிடித்து நிற்பவர் இன்னும் வீட்டில் இருக்கும்போதே.