கிங்ஸ் சர்க்கிளை ஆறு முறை சுற்றிய ஜானவாசம்

மழையில் நிறுத்திவைத்தால் கார் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் என்று நம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவர் பி.ஏ. படித்தவர். வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். பம்பாய் மாட்டுங்காவில் குடியிருந்தார். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

யுத்தம் முடிந்து, துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஆபீஸ் துரை புறப்படும்போது தம்முடைய கூரை மடக்கும் காரை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். (அன்பளிப்பு என்று நான் சொல்லிக்கொண்டேன். குப்பையை வாசலில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறான் என்று அப்பா சொன்னார்.) எங்கள் தெருவில் கார் வைத்திருந்த ஒரே குமாஸ்தா நான்தான். அதனால் நடை மாறிவிட்டது. பேச்சு மாறிவிட்டது. காய்கறி வாங்கக்கூட ஹாரன் அடித்துக்கொண்டு போனேன்.

ஆடி மாதம் மழை பிடித்துக்கொண்டது. காரைக் கழுவச் சோம்பல். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பள்ளமாக ஒரு சந்து பார்த்து நிறுத்திவிட்டு, வீட்டில் போர்த்திப் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தபோது கார் நன்றாகவே கழுவப்பட்டிருந்தது. உள்ளேயும். பின்சீட்டில் முழங்கால் அளவு சேறும், யாருடையதோ ஒற்றைச் செருப்பும் இருந்தன.

அதோடு விட்டிருக்கலாம். கார் கிளம்பவில்லை என்றதும், சந்தில் நின்ற நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லி, கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். பாத்திரக் கடைக்குள் அம்மிக்கல் விழுந்தாற்போல ஒரு சத்தம் கேட்டது. தள்ளிய நாலு பேரும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

மாட்டுவண்டியில் கட்டிக் குர்லாவுக்கு இழுத்துப்போனோம். அங்கே சாகுல் பாய் பட்டறை வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார்.

"எஞ்சினு தண்ணி குடிச்சிருக்குன்னு தெரிஞ்சுமா தள்ளுனீரு?"

"தெரியாது பாய்."

"ராடு வளைஞ்சு பிளாக்கை ஓட்டை போட்டுட்டு சாமி. இது இனிமே எஞ்சின் இல்ல. ஆட்டுரலு. மாவு ஆட்டலாம்."

"வேற வழி?"

"பட்டாளத்து லாரி எஞ்சின் ஒண்ணு ஏலத்துல எடுத்துப் போட்டிருக்கேன். ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ். மாத்திருவோமா?"

உடனே மாற்றச் சொன்னேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஆவணியில் என் தங்கை கமலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வைத்திக்கு பம்பாயிலேயே உத்தியோகம். சம்பந்தி மாமா பாலக்காட்டிலிருந்து முப்பது பேரோடு ரயிலேறி வருகிறார். அவர் சீர் கேட்கவில்லை, பாத்திரம் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்.

"என் கல்யாணத்திலே மழை கொட்டி ஜானவாசம் நடக்கலை. இன்னிவரைக்கும் மனசிலே குறையாக்கும். என் பிள்ளைக்கு அது ஜம்முனு நடக்கணும். அதிலே கோணல் வந்தால் எனக்குப் பொறுக்காது."

அப்பா வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்யப் புறப்பட்டார். நான் மறித்தேன். வீட்டில் கூரை மடக்கும் கார் இருக்கும்போது வாடகைக் காரா? மானம் என்னாவது?

கமலா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, உன் வண்டியாலே என் கல்யாணம் நின்னுபோச்சுன்னா நான் ஆயுசு பூரா உன் வீட்டிலேதான் இருப்பேன். உன் புஸ்தகத்தையெல்லாம் வரிசை மாத்தி அடுக்குவேன். யோசிச்சுக்கோ."

யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் வண்டி தயாராயிற்று. லாரி எஞ்சின் கார் வயிற்றுக்குள் முழுசாக அடங்கவில்லை. பானெட்டை மூட முடியாமல் பாய் ஒரு தோல் வாரால் இழுத்துக் கட்டியிருந்தார். (விருந்து சாப்பிட்டவன் வயிற்றைப் பெல்ட்டால் இழுத்துக் கட்டியது போல இருந்தது.)

"கேட்டுக்கிடும் சாமி. மெதுவா ஓடவிட்டா இது நின்னு போவுது. அதனால வேகத்தைக் கொஞ்சம் தூக்கியே கட்டி வச்சிருக்கேன். ரேடியேட்டரு பழசு, சின்னது. காத்து பட்டுக்கிட்டே இருக்கணும். ஓடிக்கிட்டே இருந்தீருன்னா ஒரு குறையும் வராது."

கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் தேனாக விழுந்தது. செம்பூர் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பறந்தது! இருபுறமும் எருமைகள் எழுந்து நின்றன. மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், நாயனம் முன்னே வாசித்துப்போக, மாப்பிள்ளையைத் திறந்த காரில் வைத்து ஊர் பார்க்க அழைத்து வருவதுதானே ஜானவாசம்? அந்தக் காரின் வேகம் என்ன? நாயனக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு நடக்கிற வேகம். முச்சந்திக்கு முச்சந்தி நின்று அவர் ஒரு ராகத்தைப் பிழிந்து எடுத்த பிறகுதான் அடுத்த அடி. இதை நான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன். பாய் சொன்னதையும் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கோயில் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். காஸ் லைட்டுகள் தயார். மாப்பிள்ளை வைத்தி கோட்டும் சூட்டும் மாலையுமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். (பின்சீட்டில் வெள்ளத்தின் வாடை போகவில்லை. அங்கே சம்பந்தி வீட்டுக் குழந்தைகள் ஏறிக்கொண்டன. குழந்தைகளுக்கு எந்த வாடையும் சம்மதம்.) எதிரே சம்பந்தி மாமா, ஜரிகை அங்கவஸ்திரம் போட்டு, முப்பது வருஷக் குறை தீரப்போகிற முகத்தோடு நின்றார்.

நாயனக்காரர் சீவாளியை வாயில் வைத்தார். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

முதலில் ஒரு வெடி. "பேஷ்! அதிர்வேட்டெல்லாம் உண்டா?" என்றார் சம்பந்தி மாமா. அடுத்தது உறுமல். நாயனக்காரரின் கன்னம் உப்பியிருப்பது தெரிந்தது, சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கிளட்சை விட்டேன்.

கார் பாய்ந்தது. தவில்காரர் தவிலோடு பிளாட்பாரத்துக்குத் தாவினார். நாயனக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் பத்தடி ஓடினார். (மகா வித்வான். அந்த ஓட்டத்திலும் சுருதி விலகவில்லை என்று பிறகு சொன்னார்கள்.) மறு நிமிஷம் ஊர்வலம் எங்கள் பின்னால் இருந்தது. கால் நிமிஷத்தில் அதுவும் காணவில்லை.

நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். கிளட்சைப் பாதி அழுத்திப் பார்த்தேன். கருகல் வாடை வந்தது. அப்போதுதான் என் படித்த மூளைக்கு ஒரு யோசனை உதித்தது. எதிரே கிங்ஸ் சர்க்கிள். வட்டமான தோட்டம், சுற்றிலும் சாலை. ஊர்வலமும் இந்தச் சாலைக்குத்தான் வந்தாக வேண்டும். அது வந்து சேரும்வரை சுற்றிக்கொண்டே இருந்தால் என்ன?

சுற்றினேன்.

முதல் சுற்றில், ஊர்வலத்தை முந்திக்கொண்டு அப்பாவோடு சாலையோரத்துக்கு ஓடிவந்திருந்த சம்பந்தி மாமா பெருந்தன்மையாகக் கையசைத்தார். இரண்டாவது சுற்றில் கையை இறக்கிவிட்டார். மூன்றாவதில் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்து நின்றார். நான் லாகவமாக அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். அப்பா கும்பிடுகிறாரா, அடிக்க வருகிறாரா என்று தெரியாதபடி இரண்டு கையையும் தூக்கினார். டிராம் வண்டிக்காரர் எங்களுக்காகக் காத்திருந்து வழிவிட்டார்.

"மாமா, இன்னும் வேகமா!" என்று பின்சீட்டில் கூச்சல்.

வைத்தி மாலையைக் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். நாலாவது சுற்றில்தான் வாய் திறந்தார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கோ மாப்பிள்ளை."

"ஒவ்வொரு சுத்துக்கும் நான் அப்பாவுக்கு நமஸ்காரம் சொல்லணுமா, இல்லை முதல் சுத்திலே சொன்னது போருமா?"

ஆறாவது சுற்றில் ரேடியேட்டர் பொங்கியது. மூடி எகிறி ஆகாசத்துக்குப் போயிற்று. பானெட்டுக்குள்ளிருந்து இட்லிப்பானையைத் திறந்தது போல ஆவி கிளம்பி எங்களை மறைத்தது. வண்டி ஒரு முறை விக்கியது, தும்மியது, நின்றது. ஆவி விலகியபோது எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், சம்பந்தி மாமா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"நான் ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன்?" என்றார். குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "வாடா வைத்தி, இறங்கு."

வைத்தி கதவில் கை வைத்தார். எனக்குக் கமலாவின் முகம் ஞாபகம் வந்தது. புத்தகம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அப்பா மேல்வேஷ்டியைத் தலையில் முண்டாசாகக் கட்டினார். காரின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார். அறுபது வயசு மனிதர், ஜரிகை வேஷ்டியோடு, தன்னந்தனியாக. கார் ஒரு அடி நகர்ந்தது.

"நீ ஏன்டா இன்னும் உக்காந்திண்டிருக்கே?" என்று என்னை ஒரு அதட்டல். "இறங்கித் தள்ளு!"

நான் இறங்கினேன். வைத்தி கதவிலிருந்து கையை எடுத்தார். என் இடத்துக்கு நகர்ந்து, மாலையைச் சரிசெய்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தார். எங்கள் பக்கத்து மாமாக்கள் எல்லாரும் ஓடிவந்து தோள் கொடுத்தார்கள். கார் நகர்ந்தது, சத்தமில்லாமல். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாயனக்காரர் மெல்ல ஒரு கல்யாணியை எடுத்தார்.

இப்போது கேட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் கேட்டது. அவர் நடந்தால் கார் நடந்தது. நின்றால் நின்றது. முச்சந்தியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் வாசித்தார்; பழக்கமில்லாத வலியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் கண்ணை மூடிக் கேட்டேன். சம்பந்தி மாமா முதலில் பத்தடி தள்ளி நடந்தார். பிறகு ஐந்தடி. பிறகு காரின் கதவில் கையை வைத்துக்கொண்டு, தலையாட்டி, தாளம் போட்டுக்கொண்டு வந்தார்.

ஊரைச் சுற்றிவிட்டு, கிங்ஸ் சர்க்கிளைப் பார்த்தபடி இருந்த கல்யாணச் சத்திர வாசலுக்கு வந்ததும் அப்பாவின் தோளைத் தட்டினார். "எங்க ஊர்லே தேர் கூட இத்தனை அழகா வராது, கேட்டேளா? ஆரம்பத்திலே என்னமோ சர்க்கஸ் காட்டினேளே, அது எதுக்கு?"

மறுநாள் முகூர்த்தம் சரியான நேரத்தில் நடந்தது. தாலி ஏறின கையோடு கமலா என்னிடம் சொன்னாள்: "சத்திர ஜன்னல்லேருந்து எண்ணினேன் அண்ணா. ஆறு தடவை என் கல்யாணம் வந்து வந்து போச்சு."

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எத்தனையோ கல்யாணம் நடந்துவிட்டது. ஜானவாசக் கார் வந்து நின்றால் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "அவரை முன்னாலே உக்கார விடாதீங்கோ, பின்னாலே நிறுத்துங்கோ" என்று சொல்லாமல் இருந்ததில்லை. நானும் போய்ப் பின்னால்தான் நிற்கிறேன்.

கல்யாணம் ஆன வாரம், இடுப்பில் பற்றுப் போட்டுக்கொண்டு குர்லாவுக்குப் போய் நடந்ததையெல்லாம் பாயிடம் முறையிட்டேன். அவர் பீடியை அணைத்துவிட்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். மூலையில் கிடந்த என் பழைய எஞ்சினை, ஓட்டை விழுந்த அந்த ஆட்டுரலை, ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"தள்ளிக்கிட்டுப் போறதுக்குன்னு முன்னாலேயே சொல்லியிருந்தீருன்னா, இதையே விட்டு வச்சிருப்பேனே சாமி!"