கெட்டி வாசல்

கனாபியா ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். இனிமேல் மனைவியை வேலைக்கு வெளியூர் அனுப்பப் போவதில்லை.

முடிவு புதிதல்ல. அவள் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் எடுப்பதுதான். கரகந்தா ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பான். "போகாதே" என்று சொல்ல வாயைத் திறப்பான். வாய், "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்கும். அவள் தலையாட்டுவாள். ரயில் போய்விடும். சார்ஜரும் போய்விடும்.

மனைவி உல்போல்சினுக்கு நாட்டின் மேற்குக் கோடியில் எண்ணெய் வயல் முகாமில் சமையல் வேலை. ஒரு மாசம் அங்கே, ஒரு மாசம் வீட்டில். கனாபியா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன். கூரை சரிந்து இடது கால் போனதுபோல் ஆனபின் வீட்டில் உட்கார்ந்து கெட்டில் பழுது பார்க்கிறான். அவள் இல்லாத மாசத்தில் ஊரில் யாருடைய கெட்டிலும் கெட்டுப்போவதில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருக்கும்.

இந்த வசந்தத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இங்கேயே ஆஸ்பத்திரி கேண்டீனில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. "என்ன செய்யறதுன்னு வந்து சொல்றேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். ஆக, அவள் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். நேரில் சொல்வதைத் தவிர வேறு எதுவானாலும் செய்யத் தயாராக இருந்தான் கனாபியா.

தனிமைக்கு அவனுக்கு இருந்த ஒரே துணை 'ஏழு வாசல்' என்ற, பலபேர் ஒரே நேரத்தில் ஆடும் கணினி ஆட்டம். வாள், மந்திரம், குதிரை, பாழடைந்த கோட்டை எல்லாம் உண்டு. ரசிகர்கள் கூடிப் பேச ஒரு பக்கமும் உண்டு. அங்கே நிறையப் பேர் இந்த ஆட்டத்தைத் திட்டித் தீர்த்ததைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்து தன் கருத்தை எழுதினான்.

"கண்டவர்களையும் வீரர்களாக்கிவிட்டார்கள் என்று முணுமுணுக்கிறீர்கள். காது கேளாத மந்திரக்காரி எதற்கு, சத்திரம் நடத்தும் இரண்டு ஆண்கள் ஏன் தம்பதியாக இருக்கிறார்கள் என்கிறீர்கள். எனக்கும் முதலில் ஒரு மாதிரிதான் இருந்தது. அப்புறம் சூப்பைத் தீயவிட்டது யார் என்று அந்த இரண்டு பேரும் சண்டை போடுவதைக் கேட்டேன். அப்படியே என் வீடு. அதற்குமேல் எனக்கு ஆட்சேபம் இல்லை.

"ஆட்டம் ஆரம்பிக்கும்போது, உன் வீரன் எப்படி நடப்பான் என்று கேட்டார்கள். காலை இழுத்து இழுத்து நடப்பான் என்றும் ஒரு வழி கொடுத்திருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை மாதிரி ஆள் கதையில் வந்தால் பிச்சை எடுப்பான், இல்லாவிட்டால் குழந்தைகளைக் கடத்துவான். இங்கே படையை நடத்துகிறான். கடைசி வரைக்கும் எந்த மந்திரமும் அவன் காலைச் சரிசெய்வதில்லை. அவன் ஏறுவதற்காகக் குதிரைதான் முட்டி போடுகிறது. இதை என் மனைவி ஒருதரம் பார்க்க வேண்டும். அவள் தூரத்தில் இருக்கிறாள்."

'சுரங்கத்துக் குதிரைவீரன்' என்று கையெழுத்திட்டான். அன்று மாலையே 'சூப்புக்காரி' என்று ஒருவர் பதில் போட்டார்.

"எல்லாம் சரி. கால் போனவனுக்குக் குதிரை குடுத்தான். காது கேக்காதவளுக்கு மந்திரம் குடுத்தான். மூட்டுவலிக்காரிக்கு என்ன குடுத்தான்? கரண்டி. ஆட்டம் முழுக்க ஒரே ஒரு வயசான பொம்பள, அவளும் சந்தையில சூப்பு விக்கிறா. அவளைப் படையில சேத்தியா நீ?"

"அவளைச் சேர்க்க முடியாதும்மா. அவ சும்மா சூப்பு விக்கிறவ."

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறீங்க. வாங்கிக் குடிச்சுட்டு ஒருத்தனாவது நல்லாருக்குன்னு சொன்னானா? சொல்லிப் பாரு."

கனாபியா ஆட்டத்துக்குள் போய் சூப்பு வாங்கினான். 'நல்லாருக்கு' என்பதை அழுத்தினான். கிழவி பேசாமல் அடுத்த கிண்ணத்தை ஊற்றினாள். மறுபடி நல்லாருக்கு. மறுபடி கிண்ணம். அலுத்துப்போய் விடலாம் என்று இருந்தபோது அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, கரண்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, அவன் படையில் வந்து நின்றாள். கனாபியாவுக்கு ரோமம் சிலிர்த்தது.

"வந்துட்டா! எப்படிம்மா உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும். இப்ப அவளைக் கூட்டிக்கிட்டு அந்தக் கெட்டி வாசலுக்குப் போ. கரண்டியால தட்டுவா, தொறந்துக்கும்."

கனாபியாவின் விரல் அப்படியே நின்றது.

கெட்டி வாசலா? ஆட்டத்தில் அதற்குப் பெயர் இரும்பு வாசல். எல்லா ரசிகர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். வாசலைத் தாண்டும்வரை ஆட்டக்காரர் யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோர் தலையிலும் ஒரே சாம்பல் முக்காடு. அதனால் அந்த வாசலைப் பற்றிப் பேசாத ஆளே இல்லை. அதைக் கெட்டி வாசல் என்று சொல்லக்கூடியவள் இந்த உலகத்தில் ஒருத்திதான்.

ஏனென்றால் கனாபியாவின் காலஞ்சென்ற அப்பாவின் பெயர் தெமிர். இரும்புக்கும் கசாக் மொழியில் தெமிர் என்றுதான் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லுவாளா? மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் உல்போல்சின் இரும்பை இரும்பு என்று சொன்னதில்லை. கடையில் போய் "கெட்டி ஆணி" கேட்பாள். "கெட்டிச் சட்டி" என்பாள். கடைக்காரர்களும் பழகிவிட்டார்கள்.

கனாபியா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். பெண்டாட்டி மாறுவேஷத்தில் வந்து புருஷனை வேவு பார்க்கிறாள்! சூப்புக்காரி என்று பெயர் வேறு, சமையல்காரியின் குசும்பு. மூட்டுவலிதான் அவளுக்கு இல்லை. அது வேஷத்துக்காக இருக்கும். கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நேரில் வராத வார்த்தையையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு அம்மாவிடம் சொல்வதுபோல் சொல்லிவிட வேண்டியதுதான். கூடவே கால்வலியையும் கொஞ்சம் சேர்த்தால், அவள் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்து நிற்பாள்.

மறுநாள் ஆரம்பித்தான்.

"என் பெண்டாட்டி இல்லாம வீட்டுல ஃப்ரிட்ஜ் மட்டும்தான் பேசுதும்மா."

"என்ன சொல்லுது?"

"உள்ள ஒண்ணுமில்லன்னு சொல்லுது."

"அவகிட்ட நேராச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வரல."

"கால்தான் நொண்டும்னு பாத்தேன். வாயுமா?"

இதை அவள் அல்லாமல் யார் கேட்பார்கள்! கனாபியாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. உள்ளதைக் கொட்டினான். மனைவியின் தலையணையை உறையிலிட்டுக் கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்திலேயே வைத்திருப்பதை எழுதினான். டீயில் பாலை முதலில் ஊற்றுவதா பிறகா என்று சண்டை போட ஆளில்லாமல் டீயே குடிக்காமல் இருப்பதை எழுதினான். ரயில் போனபிறகு நடைமேடையில் நின்று, சொல்லாததைச் சொல்லிப் பார்ப்பதை எழுதினான். அவ்வளவும் நிஜம். எழுதி முடித்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. கடைசியில் பொய்யைச் சேர்த்தான்.

"கால் வேற ரொம்ப மோசம். அடுப்படி வரைக்கும் போக முடியல."

பதில் வந்தது.

"அப்படின்னா உக்காந்தே இருக்கக் கூடாது. மாடி ஏறி எறங்கணும். சொந்தக்காரங்க யாரும் மாடி வீட்டுல இல்லையா?"

"எங்கண்ணி இருக்காங்க. நாலாவது மாடி."

"நல்லவங்களா?"

கனாபியா உஷாரானான். சோதிக்கிறாள். அண்ணி குல்ஸிபா என்றால் உல்போல்சினுக்கு உயிர். கனாபியாவுக்கோ அந்தத் தெருப் பக்கம் போகவே பயம். போனால் அண்ணி ஏதாவது வேலை வைப்பாள்.

"தங்கமானவங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினான்.

"அப்ப அவங்களுக்கு உருளைக்கெழங்கு தூக்கிக் குடு. உன் பெண்டாட்டி கேள்விப்பட்டா மனசு எளகும்."

மனசு இளகும் என்கிறாளே! நிலவறையிலிருந்து மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறினான். அண்ணி கதவைத் திறந்தாள். அறுபது தாண்டிய கனத்த உடம்பு. உள்ளே அண்ணன் சகின்திக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"வா ராசா. அதிசயமா இருக்கு. கால் எப்படி?"

"கல்லு மாதிரி உறுதியா இருக்கு அண்ணி."

"அப்ப அடுத்த வாரமும் கொண்டா."

குதிரைக்கறி சூப்பு கொடுத்தாள். ஆட்டத்தில் கற்ற பழக்கத்தில் கனாபியா, "நல்லாருக்கு அண்ணி" என்றான். அண்ணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதையோ துடைத்தாள். பிறகு இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.

அதோடு விட்டதா? சூப்புக்காரி கம்பளத்தை வெளியே போட்டு அடிக்கச் சொன்னாள். அடித்தான். திரைச்சீலை துவைக்கச் சொன்னாள். துவைத்தான். சமைக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னாள். கற்றுக்கொண்டான். அடுத்த மூட்டை, அதற்கடுத்த மூட்டை எல்லாம் நாலாவது மாடிக்குப் போயின. கால் உண்மையாகவே தேறிவிடும் போலிருந்தது.

உல்போல்சின் வந்து இறங்கினாள். கனாபியா காலைத் தலையணைமேல் நீட்டி, முகத்தைச் சுருக்கிக்கொண்டு படுத்திருந்தான். அவள் பளபளக்கும் தரையைப் பார்த்தாள். சுவரில் தூசில்லாத கம்பளத்தைப் பார்த்தாள். அடுப்பில் கொதிக்கிற கறியை மோந்து பார்த்தாள்.

"கால் எப்படிங்க இருக்கு?"

"ஐயோ, அதைக் கேக்காதே. அடுப்படிக்குக்கூட..."

"குல்ஸிபா அக்கா வீட்டுக்கு மூட்டை மூட்டையா ஏத்தினீங்களாமே."

"நீ சொல்லித்தானே ஏத்தினேன்!"

"நானா?"

"போதும் போல்சின். எனக்கு மொதல்லயே தெரியும். சூப்புக்காரி நீதானே?"

"எந்த சூப்புக்காரி? எரநூறு பேருக்கு ஆக்கிப் போடறவளுக்கு வெளையாட நேரம் ஏதுங்க?"

"அப்ப அந்தக் கெட்டி வாசல்? அப்பா பேரைச் சொல்லக் கூடாதுன்னு கெட்டி வாசல்னு எழுதினது யாரு?"

உல்போல்சின் அவனையே பார்த்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, மாமனாருக்கு நான் ஒருத்திதான் மருமகளா?"

கனாபியா எழுந்து உட்கார்ந்தான். கால் நன்றாகவே மடங்கியது.

"ஒரு வகையில நல்லதாப் போச்சு" என்றாள் உல்போல்சின், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களால தனியாச் சமாளிக்க முடியாதுன்னு இந்த வருஷம் வேலைய விட்டுடலாம்னுதான் இருந்தேன். ரயில்ல வரும்போது அக்கா போன் பண்ணா. மனுஷன் சமைக்கிறாரு, துவைக்கிறாரு, மாடி ஏர்றாருன்னா. கவலை விட்டுது. ரயில்லேர்ந்தே முகாமுக்குப் போன் போட்டுச் சரின்னு சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம்."

கனாபியா நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினான்.

"என்ன அண்ணி இது? நான்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும் ராசா. சுரங்கத்துல கால் போயி, பெண்டாட்டி ஊர்ல இல்லாம பொலம்பறவன் இந்த ஊர்ல எத்தனை பேரு? பொண்ணு அவ பழைய கம்ப்யூட்டரை இங்க போட்டுட்டுப் போனா. எனக்கும் பொழுது போகணுமே. உங்கண்ணன் முழிச்சிருக்கற நேரம் எவ்வளவுன்னுதான் உனக்குத் தெரியுமே."

"எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டீங்களே!"

"சே, எல்லாத்தையும் சொல்லுவேனா? நீ ஏங்கினது, தலையணை, நடைமேடை, அதெல்லாம் புருஷன் பெண்டாட்டி அந்தரங்கம். மூச்சு விடல. உருளைக்கெழங்கை மட்டும்தான் சொன்னேன்."

அந்த மாசம் முழுக்க கனாபியா சொல்லிவிடப் பார்த்தான். டீ குடிக்கும்போது ஆரம்பிப்பான். "பாலை முதல்ல ஊத்தியிருக்கணும்" என்று முடியும். ஒரு நாள் அவளை உட்காரவைத்து ஆட்டத்தைக் காட்டினான். காலை இழுத்து நடக்கும் வீரனைப் பார்த்தாள். குதிரை முட்டி போடுவதைப் பார்த்தாள். அவன் இடது முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு தனக்கும் ஒரு ஆளை உருவாக்கச் சொன்னாள்.

"ஆணா, பொண்ணா, ரெண்டும் இல்லையான்னு கேக்குது போல்சின்."

"என் பேரைப் போடுங்க. நாலு பொண்ணுக்கு அப்புறம் உல்போல்சின்னு, 'மகனாப் பொறக்கட்டும்'னு அர்த்தம் வர்ற பேரை எனக்கு வெச்சவரு எங்கப்பா. அவராலயே முடிவு பண்ண முடியல."

ரயில் நிலையத்தில் அவன் ஜன்னலுக்கு வெளியே நின்றான். வாயைத் திறந்தான்.

"சார்ஜர்..."

"எடுத்துக்கிட்டேன். அந்த ஆட்டத்தையும் போன்ல போட்டுக்கிட்டேன். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரேன். கெட்டி வாசல்கிட்ட நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்தே வீரன் அந்த வாசலில் குதிரையோடு நின்றான். சூரியன் கோட்டைக்குப் பின்னால் இறங்கியது. சாம்பல் முக்காடு போட்டவர்கள் யார் யாரோ வந்தார்கள், போனார்கள். ஒவ்வொரு முக்காட்டுக்கும் கனாபியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு உருவம் வந்து அவன் எதிரே நின்றது.

"இந்தக் கெட்டி வாசல் ஏன் இன்னும் பூட்டியிருக்கு?"

கனாபியா யோசிக்கவில்லை. யோசித்தால் சார்ஜர் வந்துவிடும். குதிரையை முட்டி போடவைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகவே எழுதினான்.

"நீ இல்லாம இது வீடே இல்ல போல்சின். அடுத்த வருஷம் போகாதே. எனக்கு உன்கூடவே இருக்கணும்."

உருவத்திடமிருந்து பதில் வந்தது.

"அவளுக்கு அடுப்படி வேலை இன்னும் முடியலையாம் ராசா, வந்தா சொல்றேன், நாளைக்கு வரும்போது வெங்காயமும் ஒரு மூட்டை சேத்துக் கொண்டா."