இழுவைத் திறன் ஆய்வுக் குழு

மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் டேங்கரை இழுத்துச் சென்ற நகராட்சி டிராக்டர் ஒருவழியாக உயிரை விட்டது. அதன் இடத்துக்கு, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி ஒன்றைக் கட்டுப்படியாகும் விலையில் வாங்க ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைமை எழுத்தர் அதன் செயலாளர். மேட்டுத் தெருவின் கடைசி வீடு அவருடையது என்பதால், அவரைவிட அக்கறையுள்ளவர் கிடைக்கமாட்டார் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார், பாவம்.

டேங்கர் மேட்டடியிலேயே நின்றுவிட, குடத்தோடு மேடு ஏறி ஏறி அவர் மனைவிக்கு முட்டி வீங்கியிருந்தது.

"ஏங்க, ஒரு வண்டி வாங்க இத்தனை நாளா?"

"வண்டி என்ன கத்திரிக்காயா? முறைன்னு ஒண்ணு இருக்கு."

"கத்திரிக்காயா இருந்தா நானே அமுக்கிப் பாத்து வாங்கியிருப்பேன்."

பழைய வண்டிகள் விற்குமிடத்தில் குழு இரண்டு வண்டிகளைப் பார்த்தது. ஒன்று உடம்பெல்லாம் நசுங்கியது. பின்னால் சரக்கேற்றும் திறந்த தொட்டியும் நல்ல தடிமனான கொக்கியும் இருந்தன. மற்றது பளபளவென்று, கூரையில் விளக்கு வரிசையும் இடுப்புயர டயருமாக நின்றது. தெருமுனைக் கடைக்குப் போகிறவர்கள் காட்டுக்குப் போவதுபோல் தெரிய வேண்டும் என்று இப்போது ஆசைப்பட்டு வாங்கும் வகை.

"நசுங்கினது கல்குவாரில லோடு இழுத்தது சார். விலையும் கம்மி. டேங்கரைக் கொண்டாந்து மாட்டிப் பாருங்க" என்றார் விற்பவர்.

"நகராட்சி டேங்கரைத் தனியார் வண்டியில மாட்டக் கூடாது" என்றார் குழுத் தலைவர்.

"அப்ப வாங்கிட்டு மாட்டுங்க."

"சோதிக்காம வாங்கக் கூடாது."

வழி கண்டவர் தலைமை எழுத்தர்தான். "பாரம் வெச்சு சோதிக்கணும்னுதான் விதி. இழுத்தா என்ன, சுமந்தா என்ன, பாரம் பாரம்தானே சார்? நாமளே ஏறி உக்காந்துடலாம்."

குழுவில் ஒருவரும் ஒல்லி இல்லை. தலைவர் அவரை வாஞ்சையோடு பார்த்தார்.

நசுங்கிய வண்டியில் டிரைவரோடு ஒருவர்தான் உட்கார முடிந்தது. "மத்தவங்க பின்னாடி நின்னுக்கலாமே" என்றார் விற்பவர். குழு நின்றுகொண்டு ஆய்வு செய்ய விதியில் இடமில்லை. ஆகவே அந்த வண்டி 'உரிய பாரத்தை ஏற்கத் தகுதியற்றது' என்று நிராகரிக்கப்பட்டது. பளபள வண்டி மொத்தக் குழுவையும் ஏற்றிக்கொண்டு மேட்டுத் தெருவில் அலுங்காமல் ஏறியது.

"பாரமே தெரியலையே" என்றார் தலைவர். அது அப்படியே பதிவானது. முன் சீட்டில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தருக்குப் பெருமை தாங்கவில்லை. டேங்கர் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது.

வண்டி வந்த பிறகு டிரைவர் நினைவூட்டினார். "பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக் சார். கொக்கி மாட்டினா வண்டி மேல போயிடும், பின்பக்கம் டேங்கரோட கீழயே தங்கிடும்."

குழு மீண்டும் கூடியது. டேங்கரை மக்களிடம் கொண்டுசெல்ல இயலாத நிலையில், மக்களை டேங்கரிடம் கொண்டுசெல்வது என முடிவாயிற்று. காலிக் குடத்தோடு மேட்டிலிருந்து வண்டியில் இறங்கலாம். நிறைகுடம் சீட்டை நனைக்கும் என்பதால், திரும்பி நடந்து ஏற வேண்டும்.

"இறங்க வண்டி, ஏறக் காலா? எந்தப் புண்ணியவான் யோசனைங்க இது?" என்றாள் மனைவி. புண்ணியவான் விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாள் தெருவே கல்லெடுத்து அடிக்கும் என்று பயந்து, அவர் ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தார். தெரு நல்ல துணி உடுத்தி வந்திருந்தது. வண்டியில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டது. முன் சீட்டுக்குத் தள்ளுமுள்ளு நடந்தது. கொஞ்ச நேரத்தில் மனைவி நிறைகுடத்தோடு மூச்சு வாங்க மேடேறி வந்தாள். மனசு கேட்காமல் அவர் ஓடிப்போய்க் குடத்துக்குக் கை நீட்டினார்.

அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு, தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"காலிக் குடம்னாத்தானே ஏத்துவாங்க? டிரைவர்கிட்ட முன் சீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லி வைங்க."