சூசை அண்ணையின் கொம்பாஸும் என் துணிப்பையும்

மூன்று தவணைகள் எட்டாம் வகுப்புக்குக் காந்தம் படிப்பித்தவன் நான். அந்தப் பாடத்தைப் பிழையில்லாமல் விளங்கிக்கொண்டவர் ஒரே ஒருவர்தான். அவர் என் மாணவரல்லர்; பள்ளிக்கூட வாசலை மிதிக்காத வள்ளக்காரர். அவருக்கு நான் நடத்திய அந்த ஒற்றைச் செய்முறை வகுப்பு முடியும்வரை, ஒரு பிணம் பகல் முழுக்க மகனுக்காகக் காத்துக் கிடந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிரிக்க விரும்புகிறவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கட்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்திரண்டு வயது. சோதனையில் இரண்டு தடவை விழுந்து, நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக விஞ்ஞான ஆசிரியனாக எழுந்தவன். சட்டைப்பையில் இரண்டு பேனா. (ஒன்றில் மை இல்லை.) காற்றும் கல்லும் குதிரைகளும் மட்டுமே பேசிக்கொள்ளும் அந்தத் தீவில், உலகின் இரகசியம் முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு நடந்தேன். கண்ட இடமெல்லாம் விளக்கம். கிணற்றடியில் நீரமுக்கம், கோயில் வீதியில் ஒலியலை. என்னைக் கண்டால் ஆடுகள்கூட வேலிக்கு அந்தப்பக்கம் போய்விடும்.

ஒரு தை மாத மத்தியானம் பெரியப்பா செத்துப்போனார்.

அவருக்கு ஒரே மகன், பரமு அண்ணை. கொழும்பில் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். தந்தி போனது, அவர் இரவு மெயில் ரயிலில் ஏறுவதாகப் பதில் வந்தது. அடுத்தநாள் பொழுது படமுன்னம் எரித்துவிட வேண்டும். ஆகவே யாராவது யாழ்ப்பாணம் போய், ஸ்டேசனில் அவரைப் பிடித்து, பஸ்ஸிலும் வள்ளத்திலும் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். யாரை அனுப்புவது என்ற கேள்வி எழுந்தபோது மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவன் போகட்டும். சும்மாதானே கதைச்சுக்கொண்டு திரியிறான்."

அது என் ஐயாவின் குரல். ஐயாவும் பெரியப்பாவும் கூடப்பிறந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து வளவு. நடுவே எங்கள் தீவின் வழக்கப்படி கடற்கல் அடுக்கிய மதில். அந்த மதில் ஒரு முழம் யார் பக்கம் நகர்ந்தது என்ற பிரச்சினையில் இருவரும் பதினொரு வருடங்களாகப் பேசவில்லை. 'உன்ரை படலையாலை உயிரோடை வரமாட்டன்' என்று தமையனின் வாசற்படலையைக் காட்டி ஐயா சொல்லியிருந்தார். தமையன் செத்த அன்றும் மதிலுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, கல்லைப் பார்த்தபடி இருந்தார். அழவில்லை. கல்லை எண்ணுகிறவர் போலிருந்தார்.

நான் புறப்பட்டேன். மரணத்தின் தூதன். அன்று பின்னேரம் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன்; ரயில் அடுத்தநாள் காலைதான். இடையில் எனக்கு வேலை இல்லை. வேலையில்லாத இருபத்திரண்டு வயதுக்காரன் நல்ல புத்தியோடு என்ன செய்வான்? பெரியப்பாவை நினைத்து ஒரு மூலையில் இருந்திருப்பான். நான் றேடியோ திருத்தும் கடை ஒன்றுக்குப் போய், பழுதான ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை வாங்கினேன்.

அது சாதாரணக் காந்தமல்ல. கோயில் திருவிழாக்களில் ஊரையே செவிடாக்கிய கருவியின் இருதயம். தோசை அளவு வட்டம், அம்மிக்குழவியின் பாரம். கடைக்காரரின் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எட்டாம் வகுப்பின் முன்னால் இதை மேசையில் வைத்து இரும்புத்தூள் தூவினால் எப்படியிருக்கும் என்று யோசித்தபடியே, பத்திரிகைத்தாளில் சுற்றித் துணிப்பைக்குள் போட்டேன்.

காலையில் பரமு அண்ணை ரயிலால் இறங்கினார். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் தோளில் கை வைத்தார், அவ்வளவுதான். பஸ் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறையில் எங்களை இறக்கியபோது கடல் இல்லை.

கடலிருந்த இடத்தில் மூடுபனிப் புகார் இருந்தது. வெள்ளை. காற்று விழுந்து கிடந்தது. எதிரே நயினாதீவுக் கோபுரம் தெரிய வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. கட்டியிருந்த வள்ளங்களின் பாதி உடல்கள்தான் தெரிந்தன.

எங்களை ஏற்றிப்போகக் காத்திருந்தவர் சூசை அண்ணை. நெடுந்தீவுக் கடற்கரையில் மீன்பிடிக்கும் வேதக்காரக் குடும்பம். ஐம்பது வயது, கழுத்தில் செபமாலை, சொந்தத்தில் ஒரு மோட்டர் வள்ளம். பரமு அண்ணையின் கையைப் பிடித்து இரண்டு சொல் சொன்னார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"புகார் கலையட்டும். ரண்டு மணித்தியாலம் பொறுப்பம்."

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏன் அண்ணை, உங்களிட்டைக் கொம்பாஸ் இருக்குத்தானே?"

"இருக்கு. எண்டாலும் கண்ணுக்குக் கரை தெரியாமல்..."

"கண் பிழைவிடும் அண்ணை. முள் விடாது. இந்தப் பூமியே ஒரு பெரிய காந்தம். அது எந்தப் புகாருக்குள்ளாலையும் இழுக்கும்."

சூசை அண்ணை பரமு அண்ணையைப் பார்த்தார். பரமு அண்ணை கடலிருந்த இடத்தைப் பார்த்தார். "ஏலுமெண்டால் போவம் அண்ணை. அப்பு அங்கை எனக்காகக் கிடக்கிறார்" என்றார்.

அதற்கு மேல் யார் மறுப்பது?

அந்தக் கொம்பாஸ் சூசை அண்ணையின் பெருமை. ஏதோ பழைய கப்பலில் கழற்றியது. கண்ணாடி போட்ட பித்தளைக் கிண்ணம். அதைச் சுக்கானுக்கு முன்னால் ஒரு பலகைப் பெட்டியில் பதித்து வைத்திருந்தார். துறையைவிட்டு விலகியதும் வள்ளத்தின் அடியில் தண்ணீர் கசிந்து என் காலை நனைத்தது. பை நனைந்தால் பத்திரிகைத்தாள் ஊறும், காந்தம் கறள் பிடிக்கும். வள்ளத்திலேயே உலர்ந்த இடம் ஒன்றுதான் இருந்தது. அது கொம்பாஸ் பெட்டியின் பின்பக்கத் தட்டு. சூசை அண்ணை குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த நேரம், பையைப் பத்திரமாக அதில் சொருகினேன். (விஞ்ஞான ஆசிரியன்! கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கியவன்!)

சூசை அண்ணை நிமிர்ந்து கொம்பாஸைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"எட, வள்ளம் இப்பிடித் திரும்பிப் போச்சே!"

சுக்கானை வளைத்து, முள் சொன்ன பக்கம் வள்ளத்தைத் திருப்பினார்.

"பாத்தீங்களே அண்ணை, கண்ணை நம்பியிருந்தால் எங்கை போயிருப்பம்?" என்றேன்.

"ஓம் மாஸ்டர். நல்லகாலம் இது இருந்தது."

அதன்பின் ஒரு மணித்தியாலம் நான் படிப்பித்தேன். இரும்புக்குள்ளே கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன அண்ணை, சந்தைச் சனம்போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். அவ்வளவும் ஒரே பக்கம் திரும்பினால் அதுதான் காந்தம். ஒத்த முனைகள் தள்ளும், மாறான முனைகள் இழுக்கும். கிட்ட வந்தால் இழுவை கூடும், தள்ளிப்போனால் குறையும். இதைச் சொன்னபோது என் முழங்கை அந்தப் பையின் மேல்தான் ஊன்றியிருந்தது.

சூசை அண்ணை "ம்" போட்டார். பரமு அண்ணை வள்ளத்தின் முன் அணியத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நடுவில் ஒருதடவை திரும்பினார்.

"தம்பி, அப்பு கடைசியா ஏதும் சொன்னவரோ?"

எனக்குத் தெரியாது. அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "சாகிற நேரம் மூளைக்கு ஒட்சிசன் குறையுமண்ணை, அப்ப..." என்று தொடங்கினேன்.

"டேய். கொஞ்சம் வாயை மூடுறியோ?"

மூடினேன். அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம்.

கரை வரவேண்டிய நேரத்தில் கரை வரவில்லை. இன்னும் அரை மணித்தியாலம் ஓடினோம். நீர் நிறம் மாறி, கறுத்து ஆழமானது. ஒரு கடற்காகமும் இல்லை. பிறகு, யாரோ ஈரத்துணியை உருவி எடுத்ததுபோல் புகார் கலைந்தது. நாலு பக்கமும் கடல். நெடுந்தீவு இல்லை, நயினாதீவு இல்லை, ஒரு பனை இல்லை. சூரியன் மட்டும் இருந்தது, அது இருக்கக்கூடாத பக்கத்தில்.

சூசை அண்ணை சூரியனைப் பார்த்தார். கொம்பாஸைப் பார்த்தார். மறுபடி சூரியனைப் பார்த்தார்.

"மாஸ்டர், சூரியன் பிழை விடுமோ?"

"விடாது அண்ணை" என்றேன்.

அவர் குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"இதென்ன பை?"

"அது... என்ரை."

"உள்ளுக்கு என்ன கிடக்கு?"

ஒரு சொல்தான் பதில். ஒரு மணித்தியாலமாக நூறுதடவை சொன்ன சொல். இப்போது வரவில்லை. அவரே பையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னே போனார். கண்ணாடிக்குள் முள் நடுங்கியது, சுழன்றது, எசமானின் குரல் கேட்ட நாய்போல் தலையைத் திருப்பி வேறு திசையில் படுத்தது. அவர் பையைக் கிட்டக் கொண்டுவந்தார், முள் ஓடிவந்தது. தள்ளிக் கொண்டுபோனார், முள் திரும்பிப் போனது. மூன்றுதரம் செய்தார். நிதானமாக, ஆய்வுகூடத்தில் நிற்கிறவர்போல.

"கிட்ட வந்தால் கூடும், தள்ளிப்போனால் குறையும்" என்றார். "விளங்குது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அது அதைவிட மோசமாயிருந்தது.

பரமு அண்ணை எழும்பி வந்து பையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப்போய் அதே இடத்தில், அதே மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அந்த முதுகு எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மழை நனைத்த மதில்.

திரும்பி ஓடினோம். பாதி வழியில் எண்ணெய் முடிந்தது. பாய் விரித்தோம். அதற்குள் வாடைக்காற்று எழும்பிவிட்டது. ஓர் அடி போனால் அரை அடி தள்ளிக் கொண்டுவந்தது. நானும் தண்டு வலித்தேன், உள்ளங்கை கிழியும்வரை. பரமு அண்ணை இரண்டு தண்டையும் கேட்டு வாங்கி வலித்தார். சூரியன் சரிந்து கொண்டேயிருந்தது. அது சரிவதை அன்றுபோல் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. யாரோ கதவைச் சாத்துவதைப் படுத்துக்கிடந்து பார்ப்பதுபோல.

நெடுந்தீவின் பனைகள் நீருக்கு மேலே எழுந்தன. பனைகளுக்கு இந்தப்பக்கம், கடற்கரைச் சுடலையில், மெல்லிய சாம்பல்நிறப் புகை எழுந்தது.

பரமு அண்ணை தண்டை வைத்துவிட்டார். கரை இன்னும் அரை மைல்.

ஊரில் நடந்ததை அம்மா பிறகு சொன்னா. மூன்று மணிக்குச் சனம் கலங்கிப்போனது. மகன் இல்லாவிட்டால் யார் கொள்ளி வைப்பது? தம்பியின் மகன் வைக்கலாம். அந்தத் தம்பியின் மகன் எங்கே? அவனும் அதே வள்ளத்தில்தான். உரிமைக்காரர் இரண்டு பேரையும் ஒரே காந்தம் கொண்டுபோயிருந்தது. யாரும் ஐயாவிடம் கேட்கவில்லை, கேட்கப் பயம். நான்கு மணிக்கு ஐயா கதிரையைவிட்டு எழும்பினார். படலைப் பக்கம் போகவில்லை. மதிலின் மேற்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு அடுத்த கல். யாரோ உதவிக்குப் போனபோது, "விடு, இது நான் அடுக்கினது" என்றாராம். ஓர் ஆள் நுழையும் அகலத்துக்குப் பிரித்து, அதற்குள்ளால் தமையன் வளவுக்குள் போனார். சொன்ன சொல்லும் தவறவில்லை. பதினொரு வருடத்துக்குப் பிறகு அண்ணனின் கால்மாட்டில் நின்று, "பொழுது படுகுது, எடுங்கோ" என்றார்.

பரமு அண்ணை தகப்பன் முகத்தைப் பார்க்கவேயில்லை.

அந்தக் கல்லிடைவெளி பிறகு அடைக்கப்படவில்லை. பெண்கள் அதற்குள்ளால் உப்பும் புளியும் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு 'காந்தம் மாஸ்டர்' என்று பெயர் நிலைத்தது. சூசை அண்ணை அதற்குப்பின் என்னை வள்ளத்தில் ஏற்றும்போதெல்லாம், அரசாங்க அதிபர் பக்கத்தில் நின்றாலும், "மாஸ்டர், பையைக் காட்டும்" என்பார். காட்டினாலும் அணியத்தில்தான் இடம். புதிதாக வருகிறவர்களுக்குக் காரணத்தையும் சொல்வார்: "கிட்ட வந்தால் கூடும்." காந்தத்தை அவர்தான் வைத்துக்கொண்டார். மணலில் விழுந்த தூண்டில்முள் பொறுக்க உதவுகிறதாம்.

பரமு அண்ணை என்னோடு கதைத்தார், ஆனால் வானிலை மட்டும்.

ஆறேழு வருடம் கழித்து ஐயாவும் போனார். இந்தமுறை வெளியூரில் வேலை பார்த்தவன் நான். எனக்குத்தான் தந்தி வந்தது. நேரத்தோடு வந்து சேர்ந்தேன். எனக்கு முன்னரே பரமு அண்ணை வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவை அந்தக் கல்லிடைவெளிக்குள்ளால் பெரியப்பா வளவுக்குள் எடுத்து, அந்தப் படலையால்தான் வெளியே கொண்டுபோனோம். சுடலையில் கொள்ளியை என் கையில் தந்தபோது, வழி முழுக்க மனத்தில் உருட்டிக்கொண்டு வந்ததைப் பரமு அண்ணையிடம் சொன்னேன்.

"அண்ணை, நீங்கள் வையுங்கோ. உங்கடை அப்புவுக்கு ஐயாதானே வைச்சவர்."

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"போடா விசரா. அவனவன் அப்பனை அவனவன் எரிக்க வேணும். ஒருக்காத் தவறினது போதும்."

என் முழங்கையைப் பிடித்துச் சிதையை நோக்கி நடத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, பார்க்காமல்தான் கொள்ளி வைக்க வேண்டும். நான் முதுகைக் காட்டி நின்றேன். கை பின்னே போனது, சிதையை விட்டு ஒரு பக்கம் விலகியது. அப்போது காதுக்குக் கிட்ட அவர் குரல், மெதுவாக:

"மடியிலை ஒண்டும் வைச்சிருக்கேலைத்தானே? கை வேறை பக்கம் போகுது."

கண்ணீர் வந்துகொண்டிருந்தபோதே நான் வெடித்துச் சிரித்துவிட்டேன். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும்போது சிரித்த பிள்ளை எங்கள் தீவில் நான் ஒருவன்தானாம். எந்தச் செத்தவீட்டிலும் யாராவது இந்தக் கதையைத் தொடங்குவார்கள். தொடங்குகிறவர் பெரும்பாலும் பரமு அண்ணைதான்.