மாடி வீட்டுக் குரல் பயிற்சி

"பயப்படாதீங்கம்மா, உங்க பையன் பொழைச்சிட்டான்" என்று ஜாஸ்பர் மைக்கில் சொன்னான்.

"லொள்" என்றது பிஸ்தா.

இது பதினோராவது முறை. ஜாஸ்பர் சீரியல்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவன். பெரும்பாலும் நல்ல டாக்டர்களுக்கு. மந்தைவெளி மாடி வீட்டில், துணி பீரோவுக்கும் நிமிர்த்தி வைத்த மெத்தைக்கும் நடுவே ஒரு மைக்கை நிறுத்தி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்திருந்தான். இந்த ஒரு வரியைப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

அதே பன்னிரண்டு மணிக்குத்தான் கீழ் வீட்டிலிருந்து அபயாம்பாள் மாமி வருகிறார். வீட்டுச் சொந்தக்காரர். பதினோரு மாத ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. "தெருவே வந்து புகார் சொல்றது. நேர்ல வந்து பேசறேன்" என்று நேற்றே சொல்லிவிட்டார்.

என்ன புகார் என்று கேட்கும் தைரியம் ஜாஸ்பருக்கு இல்லை. வீடு கொடுத்தபோது மாமி போட்ட ஒரே நிபந்தனை, நாய் கூடாது. மூன்று மாதத்துக்கு முன் அவன் மனைவி டீனா, வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது, மழையில் நனைந்த ஒரு குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். குட்டி வந்த சூட்டோடு குரைத்தது. "அது என்ன சத்தம்?" என்று மாமி கீழிருந்து கேட்டார்.

"குரல் பயிற்சி மாமி. கார்ட்டூன்ல நாய் வேஷம்" என்றான் ஜாஸ்பர்.

அன்றிலிருந்து அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதே தனி உத்தியோகமாகிவிட்டது. பிஸ்தா ஒரு தடவை குரைத்தால் இவன் பால்கனியில் நின்று ஐந்து தடவை குரைப்பான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று காலை ஆறு மணிக்கும் கொஞ்சம் குரைப்பான். பிஸ்தா வெளியே போவது காய்கறிப் பையில். இரண்டு வயது மகள் ஜோன் முதன்முதலில் பேசிய சொல் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. லொள்.

இன்டர்வெல்லில் டீனா போன் செய்தாள்.

"மாமி வந்துட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"பிஸ்தாவை பாத்ரூம்ல விடுங்க. அது குரைச்சா நீங்களும் குரைங்க. போன வாரம் ஆடு மாதிரி இருந்துச்சு, அப்படிக் குரைக்காதீங்க."

"வீடு போயிடுச்சுன்னா?"

"கொட்டிவாக்கத்துல அண்ணன் பாத்த வீட்டுல நாயும் கூடாதாம், மைக்கும் கூடாதாம். அப்புறம் நீங்க பழையபடி தரமணி ஆபீசுக்கு, ஜோன் காப்பகத்துக்கு, பிஸ்தா தெருவுக்கு."

மூன்றில் ஒன்றைக்கூட ஜாஸ்பரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிஸ்தாவை பாத்ரூமில் விட்டான். அது ஊளையிட்டது. ஒரு பிஸ்கட் போட்டான். ஊளை நின்றது, ஆனால் பிஸ்கட்டைப் பார்த்த ஜோன் அழத் தொடங்கினாள். பாக்கெட்டை அப்படியே அவள் கையில் கொடுத்தான். வீடு அமைதியானது. அவசரமாக மைக் முன்னால் போய், அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்லி, பிசிறில்லாமல் பதிவு செய்து அனுப்பியும்விட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு வயதுக் குழந்தை மூன்று நிமிடம் சத்தமில்லாமல் இருப்பது நல்லதற்கு இல்லை.

பாத்ரூம் கதவு திறந்திருந்தது. குழாயும் திறந்திருந்தது. ஜோனும் பிஸ்தாவும் குழாயடியில் இருந்த பெரிய பிளாஸ்டிக் பேசினில் உட்கார்ந்து ஆளுக்கொரு பிஸ்கட்டாகத் தின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஹாலுக்கு வந்துவிட்டது. குழாயை மூடிவிட்டு டவலைப் போட்டுத் துடைக்கக் குனிந்தபோது காலிங் பெல் அடித்தது.

பாத்ரூம் கதவைச் சாத்தினான். குரைத்துக்கொண்டே வாசல் கதவைத் திறந்தான்.

"பயிற்சியா?" என்றார் மாமி. கையில் ஒப்பந்தத் தாள்கள்.

"ஆமா மாமி."

உள்ளேயிருந்து பிஸ்தா குரைத்தது.

"அது?"

"முன்னாடி பதிவு பண்ணது மாமி. போட்டுக் கேக்கறேன்."

மாமி ஈரத்தில் பார்த்து நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் ஜோன் கதவைத் தள்ளிக்கொண்டு நாலு காலில் தவழ்ந்து வந்தாள். கழுத்தில் பிஸ்தாவின் பட்டை. மாமியைப் பார்த்து, "லொள்" என்றாள்.

"குழந்தைக்கும் வேஷம் உண்டா?"

"சின்ன வேஷம் மாமி."

பின்னாலேயே பிஸ்தா வந்தது. ஹால் நடுவில் நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. மாமியின் புடவையிலும் ஒப்பந்தத்திலும் தண்ணீர் தெறித்தது. ஜாஸ்பர் கையாலாகாமல் இன்னொரு முறை குரைத்துப் பார்த்தான். யாரும் ஏமாறவில்லை.

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"தப்பு என்மேலதான் மாமி. பொய் சொல்லிட்டேன். வெளிய விட மனசு வரல. இப்ப குழந்தை அதை விட்டுட்டுத் தூங்கவே மாட்டேங்குது. காலி பண்ணச் சொன்னீங்கன்னா ஒரு மாசம் டைம் குடுங்க, வேற வீடு பாத்துக்கறோம்."

பிஸ்தா நேராக மாமியிடம் போய் அவர் காலடியில் படுத்துக்கொண்டது. மாமி அதன் காதைச் சொறிந்துவிட்டார். முந்தானையால் தாள்களைத் துடைத்து, பேனாவோடு அவனிடம் நீட்டினார்.

"இது வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும் ஜாஸ்பர், பாவம் இருந்துட்டுப் போகட்டும், தெருவுல புகார் சொல்றதெல்லாம் நீங்க குரைக்கறதைப் பத்தித்தான்."