விதை போடாத விவசாயி

பாரிஸின் லா சப்பலில் ஒரு வகை மனிதர் உண்டு. அவரைத் தேடிப் போகவேண்டியதில்லை. ரூ பெர்தொனே தெருவில் எந்தத் தேநீர்க் கடையில் நீங்கள் உட்கார்ந்தாலும், எதிர்க் கதிரையில் அவர் வந்து உட்காருவார். பயிர் வளர்க்கும் முறைகளை ஒப்பிடுவது அவர் வேலை. வளர்ப்பதல்ல. அந்தச் சில்லறை வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

இந்த இனத்தில் முதிர்ந்த பிறவி ஞானரட்ணம். பகலெல்லாம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒருநாள் பேருந்தில் அம்ஸ்டர்டாம் போய், மூன்று மணிநேரம் மழையில் நனைந்து, தடிமனும் தும்மலுமாகத் திரும்பி வந்தார். அன்றிலிருந்து கஞ்சாச் செடியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. மண்ணில் வளர்ப்பது சோம்பேறிகளின் முறை. வேரைத் தண்ணீரில் தொங்கவிடுவது ஒல்லாந்தர் முறை, அதற்கு மூளை வேண்டும். அலுமாரிக்குள் விளக்குப் போட்டு வளர்ப்பது படித்தவர்களின் முறை, ஆனால் அதில் குணம் குறைவு. இந்த மூன்றையும் அவர் நாள்தோறும் மோதவிடுவார். நேற்றுத் தோற்ற மண் இன்று வெல்லும். கேட்பவர் நேற்று வராதவராக இருந்தால் போதும்.

"நீங்கள் எப்பவாவது வளர்த்தனீங்களோ, அண்ணை?" என்று கேட்டுப் பாருங்கள்.

"வளர்க்க ஆயிரம் பேர் இருக்கினம். ஒப்பிட ஆள் வேணுமெல்லோ?" என்பார்.

அவருடைய அறையில் வெங்காயம்கூட முளைக்கப் பயப்படும்.

இப்படிப்பட்டவரை வீட்டுக்குள் விடலாமா? மார்கிரட் விட்டாள். அவள் மன்னார்க்காரி. விடியமுன் எழும்பிப்போய்க் கந்தோர்களில் தரை துடைப்பவள். தம்பி அந்துவான் லீசே பள்ளியில் கணிதத்துக்கு முதலாவதாக வந்த புள்ளி அட்டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, தூசு படியாமல் தினமும் துடைத்து வைத்திருப்பவள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அட்டை, பிறகுதான் தேநீர். ஆனால் அந்த ஞாயிறு பூசை முடிந்து நாலைந்து பேரோடு ஐந்து மாடி ஏறிவந்த ஞானரட்ணம் அட்டையைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். அங்கே தொட்டியில் நான்கு செடிகள். இலைகள் விரல் விரலாகப் பிரிந்து, ஓரங்கள் மரம் அறுக்கும் வாளின் பல்லைப் போல இருந்தன.

அது கீழ்மாடிப் புதுச்சேரிக்காரி சுசான் தந்த விதையில் முளைத்த புளிச்சகீரை. இலை மட்டும் பார்வைக்குக் கஞ்சா போலவே இருக்கும். ஞானரட்ணம் ஊரில் காணாத கீரை. காணாததைப் பற்றிப் பேசாதிருப்பது இந்த இனத்தின் வழக்கமல்ல.

"பிள்ளை, மண் ஈரம் கூடிப்போச்சு. இது தண்ணி முறைக்குரிய சாதி. ஆர் உன்னை மண்ணிலை வைக்கச் சொன்னது?"

"அண்ணை, அது கீரை."

"ஓம், ஓம், கீரைதான்." மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை."

திங்களன்று தேநீர்க் கடைப் பேச்சில் நான்கு செடி. புதனன்று நாற்பது. வெள்ளியன்று அலுமாரிக்குள் விளக்கும் எரிந்தது. சனியன்று, கதை காதில் விழுந்த வீட்டுக்காரக் கிழவர், நல்ல வெள்ளைக்காரர்தான், மூச்சிரைக்க மேலே ஏறிவந்து சொன்னார்: "நாளை மத்தியானம் வருவேன், மதாம். உங்கள் விளக்கம் சரியில்லையென்றால் மாதக் கடைசியில் அறையை விடவேண்டும்."

அறை போனால் விலாசம் போகும். அடுத்த மாதம் அந்துவானின் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கவேண்டும். விலாசம் இல்லாதவனுக்குப் பிரிபெக்தூர் அலுவலகத்தில் என்ன புதுப்பிப்பு? கணிதப் புள்ளியையா காட்டுவது?

மார்கிரட் தேநீர்க் கடைக்கு ஓடினாள்.

"அண்ணை, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு அந்தாளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. தம்பியின்ரை பேப்பர் போயிடும்."

"நான் உன்னைக் காட்டிக்குடுக்கேல்லையே, பிள்ளை. முறையைத்தானே கதைச்சனான்?"

"அப்ப நாளைக்குச் சாப்பிடவாவது வாங்கோ. ஆட்டிறைச்சி."

அதற்கு மட்டும் அவரிடம் ஒப்பீடு இல்லை. வந்தார்.

வீட்டுக்காரரும் வந்தார். மார்கிரட் அவர் கண்ணெதிரே நான்கு செடிகளிலும் ஓர் இலை மிஞ்சாமல் கிள்ளி, மூன்று தண்ணீரில் அலசி, அடுப்பில் வெந்துகொண்டிருந்த இறைச்சிக்குள் போட்டாள். கீரை மசிந்ததும் முதல் அகப்பையைத் தம்பியின் கோப்பையில் ஊற்றினாள். அதைப் பார்த்த பிறகுதான் கிழவர் தன் கரண்டியை எடுத்தார்.

ஒரு வாய் வைத்தார். புருவம் உயர்ந்தது. "ஒசெய் மாதிரி!" என்றார். அவருடைய தாயார் அந்தப் புளிப்புக் கீரையில்தான் சூப் வைப்பாராம். அந்துவான் அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னான். கிழவர் கோப்பையைப் பாண் துண்டால் துடைத்துத் தின்றுவிட்டு மறுபடி நீட்டினார்.

ஞானரட்ணமோ இரண்டாம் கோப்பையோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கண்கள் பாதி மூடியிருந்தன.

"பிள்ளை... ஏறுது."

"என்ன ஏறுது, அண்ணை?"

"மண்ணிலை வளர்ந்தது மெதுவாத்தான் ஏறும். தண்ணி முறையெண்டால் நான் இப்ப முகட்டிலை நிப்பன்." மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். "தம்பி, கதிரையைப் பிடியடா. மிதக்கிறன்!"

"இவருக்கு என்ன?" என்று கிழவர் கேட்டார்.

"உங்களுக்கு வந்த செய்தி இவரிடமிருந்து புறப்பட்டதுதான்" என்றான் அந்துவான், அழகான பிரெஞ்சில்.

கிழவர் ஞானரட்ணத்தைப் பார்த்தார். தன் வெறுங் கோப்பையைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அறை தப்பியது. போகும்போது தனக்கும் கொஞ்சம் விதை வேண்டுமென்று கேட்டுவிட்டுப் போனார். மார்கிரட் அவரை வாசலில் நிறுத்தி, புள்ளி அட்டையைக் காட்டிய பிறகே போகவிட்டாள்.

ஞானரட்ணம் வெட்கப்பட்டாரா? உங்களுக்கு இந்த இனம் இன்னும் பிடிபடவில்லை. திங்களன்று கடையில் நான்காவது முறை வெளியாகியிருந்தது. "கறியாக்கிற முறை. நான் நேரிலை ஒப்பிட்டனான்."

சிரித்துவிட்டீர்கள், நல்லது. ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்லுங்கள். சற்றுமுன், "புளிச்சகீரையை ஆட்டிறைச்சியிலா போடுவது? இறாலில் அல்லவா!" என்று உங்கள் மனம் முணுமுணுத்ததா? அந்தக் கீரையை நீங்கள் கடைசியாக எப்போது நட்டீர்கள்?

பதில் வரவில்லையென்றால் கதிரையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறத் தொடங்கிவிட்டது.