பஸ்லி மச்சானுக்கு ஒரு பெட்டித் தேனீ

அலுவிகாரை,
புதன்கிழமை, மஃரிப் தொழுகைக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் பஸ்லிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி ஸக்கியாவும் இங்கே நலம். அங்கே நீங்களும் என் தங்கச்சி நிஷ்மியாவும் நலமா? யானை நலமா? யானையைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், உங்கள் சோளத்தைத் தின்று உடம்பு தேறியது அதுதானே. போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் லக்கலைப் பாறையில் ஏறி "ஹலோ ஹலோ" என்று கத்தி முடிவதற்குள் சிக்னல் இறங்கிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை பஸ்ஸில் இந்தக் கடிதமும் கூடவே ஒரு பெட்டியும் வரும். பெட்டியைத் திறக்க வேண்டாம். முதலில் கடிதத்தை வாசியுங்கள்.

போன போகம் வந்த யானை இந்தப் போகமும் வந்தால் காட்டை வெட்டிப் பயிர் வைத்த சேனையை விட்டுவிட்டு டவுனுக்கே வந்துவிடுவோம் என்று தங்கச்சி அழுதாளே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கியது என்று ஸக்கியா பக்கத்திலிருந்து சொல்கிறாள், நம்பாதீர்கள். வந்து உங்களோடு காவல் இருக்கலாம்தான், ஆனால் அங்கே வரமாட்டேன் என்ற என் பேச்சில் மாற்றமில்லை. பெரஹரா ஊர்வலத்தில் யானை போனாலே நான் கடைக்குள் போய் நின்று பார்க்கிறவன். அது சங்கிலி போட்ட யானை. உங்களுடையது சுயதொழில் செய்கிற யானை.

இப்போது நல்ல செய்தி. பல்லேபொலைப் பாதையில் கெம்பஸ் இருக்கிறதல்லவா, அதன் பின்னால் பெரிய தோட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே படிப்பிக்கிற டிலுக்ஷி மிஸ் நான் ஓட்டுகிற த்ரீவீலில்தான் போவார், எங்கள் ஆட்களைப் போலவே அண்ணன் முறை வைத்து என்னை நானா என்பார். ஒருநாள் உங்கள் கதையைச் சொன்னேன். மிஸ் சிரிக்கவில்லை. "ஹுஸ்னி நானா, யானைக்குத் தேனீன்னா பயம். வேலிக் கம்பியில பெட்டியைக் கட்டித் தொங்க விட்டா, யானை கம்பியில முட்டினதும் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை திரும்பிப் பார்க்காமப் போகும்" என்றார். என்னைப் போல ஓர் உயிர் காட்டிலும் இருக்கிறதே என்று எனக்கு அந்த யானை மேல் பாசமே வந்துவிட்டது. ஊர் ஆட்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து பழகினால் முதலில் ஒரு பெட்டி தருவார்களாம். அதில் தேனீ நிலைத்து நின்றால் கெம்பஸில் படிக்கிற பிள்ளைகளே மற்றப் பெட்டிகளைக் கொண்டுவந்து வேலி முழுக்கக் கட்டித் தருவார்களாம். நீங்கள் சேனைக் காவலை விட்டு வர முடியாது, அதனால் உங்களுக்குப் பதிலாக நான் சேர்ந்தேன்.

மச்சான், பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் நின்றே படித்த நான் கெம்பஸ் போனேன்! அங்கே பல்லேபொலைப் பெண்கள் மிளகாய்க் கன்று நட பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் அவர்களுக்கு ராணித் தேனீயைக் காட்டிக் கொடுக்கிறார்கள், நடுவில் நான் இரண்டு பக்கமும் தேநீர் வாங்கிக் குடிக்கிறேன். பெட்டிக்குள் ராணி ஒருத்திதான், மற்றதெல்லாம் அவளுக்கு வேலைக்காரர், ஆம்பிளைத் தேனீ சும்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்று மிஸ் சொன்னபோது உங்கள் ஞாபகம் வந்து கண் கலங்கியது.

இன்றைக்குத்தான் கடைசி நாள், விருந்தாளிக்குச் சனிக்கிழமை வசதிப்படாது என்று புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரிய ஐயா வந்தார், அவர் முன்னால் ஆளுக்கொரு பெட்டியைத் திறந்து ராணியைக் காட்ட வேண்டும். திறக்கும் முன் தேங்காய் மட்டைத் தும்பு எரித்துக் கொஞ்சம் புகை காட்டினால் தேனீ சாந்தமாகும். இதைக் கேட்டு ஸக்கியா என்னை ஏசினாள். "குர்ஆன்ல அல்லாஹ்வே பேர் சொல்லிப் பேசின பூச்சி அது, அதுக்குப் போய் மட்டைப் புகையா? வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?" என்று வீட்டுச் சாம்பிராணிச் சட்டியையே கையில் கொடுத்து அனுப்பினாள். நானும் மரியாதைக்குக் குறை வைக்கக்கூடாது என்று நன்றாகவே போட்டேன். ஐயா மேடையில் பேசிக்கொண்டிருந்தார், முடிப்பதாக இல்லை. புகை பந்தல் முழுக்கப் பரவியது, மௌலூது ஓதாததுதான் குறை. திடீரென்று பெட்டிக்குள் "ஹூம்ம்" என்று ஒரு சத்தம், அவ்வளவு தேனீயும் ஒரே மேகமாக எழும்பியது! பிள்ளைகள் கத்தரிப் பாத்திக்குள் படுத்துவிட்டார்கள், பல்லேபொலைப் பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார்கள், ஐயா ஒலிவாங்கியையும் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் என் த்ரீவீலுக்குள் ஏறித் திரையை இழுத்து விட்டார். தேனீயும் சுற்றிச் சுற்றிப் பார்த்து வந்து அதே த்ரீவீலின் பின்பக்கம் பலாப்பழம் போலத் தொங்கியது. ஐயா மூச்சு விடவில்லை. அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை யாருமே பார்த்ததில்லையாம், மிஸ்தான் சொன்னார்.

பெட்டி போச்சு, வேலி போச்சு, தங்கச்சிக்கு என்ன சொல்வேன் என்று நான் புலம்பினேன். ஆனால் மிஸ் இருக்கிறாரே! வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய் அந்தக் கொத்துக்குள் ராணியைத் தேடிப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டார். மற்றதெல்லாம் வரிசையாக உள்ளே போனது, ஜும்ஆவுக்குப் போகிற மாதிரி. ஒரு கொட்டுக்கூட யாருக்கும் இல்லை, எனக்கு மட்டும் காதில். "இந்தப் பெட்டி ஒங்களுக்குத்தான் நானா. சாம்பிராணிப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றார். ஐயா இறங்கி வந்து கைதட்டினார், மச்சான். எனக்கு! கைதட்டினார்!

பெட்டி இப்போது என் த்ரீவீல் பின் சீட்டில் இருக்கிறது. இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். நிழலில் வையுங்கள். கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், எறும்பு ஏறக்கூடாது. மூன்று நாளைக்குத் திறக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு அடிக்கிற அந்த சென்ட்டை அடித்துக்கொண்டு பக்கத்தில் போக வேண்டாம். சாம்பிராணி போடவே வேண்டாம். புத்தி இல்லாத ஆட்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

தங்கச்சிக்கு என் சலாம். உங்கள் சோளம் மணி பிடிக்கவும், யானை வேறு ஊரில் மாப்பிள்ளையாகவும் துஆ கேட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல் உயிரையே வைத்திருக்கும், ஆனால் அங்கே வரமாட்டாத
மச்சான் ஹுஸ்னி.

பி.கு.: வியாழன் காலை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தூர வழி போகிற தேனீப் பிள்ளைகளாயிற்றே, நன்றாகத் தூங்கட்டும் என்று படுக்கப் போகும் முன் ஒரு சிட்டிகை சாம்பிராணி காட்டினேன். ஒரே ஒரு சிட்டிகை. விடிந்து பார்த்தால் பெட்டி காலி, அவ்வளவு தேனீயும் பின் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் குடியேறிவிட்டது. மிஸ் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார், பிறகு சிரித்தார். ராணி அங்கேயே முட்டையிடத் தொடங்கிவிட்டாளாம், இனி கலைத்தால் எல்லாம் பறந்துவிடுமாம். "பெட்டியில நின்னா என்ன, த்ரீவீல்ல நின்னா என்ன, நின்னா சரி. போங்க நானா, சனிக்கிழமை நாங்க மத்தப் பெட்டிகளோட பின்னால வாறோம்" என்றார். ஆகவே பஸ்ஸில் வருகிற பெட்டியை உடனே திறக்கவும். அதில் இப்போது ஸக்கியா கிண்டிய தொதல் இனிப்புத்தான் இருக்கிறது, எறும்பு வரும். த்ரீவீலை நானே ஓட்டி வருகிறேன், பின்னால் கொசுவலை கட்டி, முன்னால் நான் மணப்பெண் மாதிரி வலை போட்டுக்கொண்டு. அறுவடை வரைக்கும் அது உங்கள் வேலியோரம் நிற்கட்டும், யானை வந்து ஆட்டிப் பார்க்கட்டும். காவல் பரணில் எனக்கும் இடம் வையுங்கள். உள்பக்கம். யானை எட்டிப் பார்த்தால் முதலில் உங்களைத்தான் பார்க்க வேண்டும், பழகின முகம்.